ரம்சேஸ் யூனானின் பாரிஸ் ஆண்டுகள்

எகிப்திய ஓவியர் ரம்சேஸ் யூனான் 1947இல் கெய்ரோவை விட்டுப் பாரிசில் குடியேறியபோது அவருக்கு வயது 34. அதற்கு முந்தைய ஆண்டுதான் எகிப்தியப் பிரதமர் இஸ்மாயில் சித்கியின் அரசு இடதுசாரிகளை வளைத்துப் பிடித்தது. கைதானவர்களில் அவரும் ஒருவர்.

மினியாவில் பிறந்து, பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்த யூனான், கவிஞர் ஜார்ஜ் ஹெனைனோடு ‘கலையும் சுதந்திரமும்’ என்ற சர்ரியலிசக் குழுவில், அதாவது கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கியவர்களின் குழுவில், இயங்கியவர். நவீன ஓவியத்தின் மீது ஹிட்லர் அரசு வீசிய வசையையே எடுத்து, ‘சீரழிந்த கலை வாழ்க’ என்று 1938 டிசம்பரில் அறிக்கை விட்டவர்கள் அவர்கள். 1939இல் அவர் தலைப்பிடாமல் வரைந்த ஓவியம் ஒன்றில் வானதேவதை நூத்தின் சாயல் தெரியும். பழங்காலக் கல்லறைக் கூரைகளில் கையும் காலும் தரையைத் தொட, விண்மீன்கள் நிறைந்த உடலால் உலகைக் கவிந்து நிற்பவள் அவள். யூனானிடமோ அந்த வளைவு முறுக்கி ஒடிக்கப்பட்டிருக்கிறது. பழம்பெருமையை வழிபடாமல் அதன் வலியை வரைந்தவர் என்பதால், ஊரைவிட்டுப் போகும் முன்பே அவர் பாதி அந்நியராகிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

பாரிஸ் சர்ரியலிசத்தின் தாய்வீடு. ஆனாலும் அங்கே அவருக்குச் சோறு போட்டது தூரிகையல்ல, பிரெஞ்சு வானொலியின் அரபுப் பிரிவு. பிரெஞ்சுக் கவிஞர் ரம்போவையும் எழுத்தாளர் காம்யுவையும் அரபியில் பெயர்த்தவருக்கு, வந்த நாட்டில் விலைபோனது விட்டு வந்த நாட்டின் மொழிதான். (அவருடைய ஓவியங்களில் இன்று அதிகம் பேசப்படுபவை பாரிசுக்கு முன்போ பின்போ வரைந்தவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

1956இல் எகிப்திய அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. எகிப்துக்கு எதிரான செய்திகளை அரபியில் ஒலிபரப்ப வேண்டிய நிலை வந்தபோது யூனான் மறுத்துவிட்டார். வேலையோடு, பிரான்சில் ஒன்பது ஆண்டுகளாக ஊன்றிய காலும் போயிற்று. தன்னைச் சிறையில் அடைத்த மன்னராட்சி ஒழிந்து, ராணுவத்தினர் ஆண்டுகொண்டிருந்த கெய்ரோவுக்கே அவர் திரும்பினார். ஹெனைனின் பாதை நேரெதிரானது: 1960களில் அவர் எகிப்தை விட்டு வெளியேறி, 1973இல் பாரிசில் இறந்தார்.

1966 டிசம்பரில் இறக்கும்வரை யூனான் கெய்ரோவில் வரைந்தவற்றில் அந்த முறுக்கிய உடல் இல்லை. பாறைப் பிளவு போலவும் குகைச் சுவர் போலவும் தோன்றும் அருவ வடிவங்களே இருக்கின்றன.