நரசிங்கம்பேட்டையில் இறங்கி நடந்தால்

நாகஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை முதன்முதலாக ஒரு பழைய இசைத்தட்டில் கேட்டபோது நான் கல்லூரி மாணவன். அதுவரை நாகஸ்வரம் எனக்குச் சுவாமி புறப்பாட்டோடு வரும் சத்தம், அவ்வளவுதான். அதன்பிறகு, கீர்த்தனை இல்லாவிட்டாலும் போகட்டும், ஆலாபனை போதும் என்று சொல்லும் ஆளாகிவிட்டேன். மார்கழிக் கச்சேரிகளை விடக்கூடாது என்பதற்காகவே சென்னையில் வேலை தேடிக்கொண்டவன் நான். அவர் வாழ்ந்த திருவாவடுதுறையை ஒருமுறையாவது பார்க்காவிட்டால் எப்படி?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் நரசிங்கம்பேட்டையில் இறங்கினேன். திருவாவடுதுறைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் என்னால் உடனே கிளம்ப முடியவில்லை. நாகஸ்வரம் செய்யும் ஊர் அது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை.

ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே வரச் சொன்னார்கள். சுவரோரம் கருத்துப்போன ஆச்சா மரக் கட்டைகள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களைத்தான் வாங்குவார்களாம். புது மரம் வெடித்துவிடும் என்றார் பெரியவர். கடைசல் முடிந்த உலவு என்னும் குழல் ஒன்றில், அடியில் விரியும் அணசைப் பொருத்தி, ஊதும் நாக்கான சீவாளியை வாயில் சற்று ஊறவைத்துச் செருகினார். ஒரே ஒரு ஸ்வரம்தான் ஊதினார். சுத்த மத்யமம், அதாவது இரண்டு வகை 'ம'வில் தாழ்ந்தது.

வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உயர்ந்த சுருதியுடைய பழைய திமிரி நாகஸ்வரத்தில் அந்த ஸ்வரத்தை ஊதுகிறவர்தான் மூச்சாலும் உதட்டாலும் அடக்கிக் கொண்டுவர வேண்டும். இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்த நீண்ட பாரி நாகஸ்வரத்தில் அது தானாகவே சுத்தமாகப் பேசும். தோடியில் வருவதும் அதே மத்யமம்தான். இத்தனை வருடம் தோடி கேட்டும் இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது.

திருவாவடுதுறையில் கோமுக்தீஸ்வரரைக் கும்பிட்டு, திருமூலர் சமாதியில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். 1898-இல் திருமருகலில் பிறந்த ராஜரத்தினம் பிள்ளை, இங்கே ஆதீன வித்துவானாக இருந்தவர். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் அவர் வாசித்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று ஊத வேண்டியிருந்த கலைஞர்களுக்கு மேடையில் சமமாக உட்காரும் உரிமையை அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதுதான். சுருதிக்காக விடாமல் ஊதும் ஒத்து என்னும் குழலுக்குப் பதிலாகத் தம்பூராவை வைத்துக்கொண்டார். கர்வி என்றார்கள். இருக்கட்டுமே!

ஊர் திரும்பியதும் ஒரு கல்யாணம். நாகஸ்வரக்காரர்களை வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பெண் வீட்டாரிடம் சொல்லி அவர்களை உள்ளே, மணமேடைக்கு அருகில் அழைத்து உட்காரவைத்தேன். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தோடி வாசிக்க முடியுமா என்று கேட்டேன். பெரியவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீவாளியை மாற்றினார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.