புளோரின் ஏன் முதலில் போகிறது?

மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தின் புராசஸ் லேபில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் அதிகம் பேசுவது லினசோலிட் மருந்தின் முதல் படியைப் பற்றித்தான். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று கொடுக்கப்படும் முக்கியமான மருந்து அது. 3,4-டைபுளோரோநைட்ரோபென்சீனுடன் (இரண்டு புளோரினும் ஒரு நைட்ரோ தொகுதியும், அதாவது NO₂, உள்ள பென்சீன் வளையம்) மார்ஃபோலின் என்ற அமீனைச் சேர்ப்போம். ஒரு புளோரின் கிளம்பும், அந்த இடத்தில் மார்ஃபோலின் உட்காரும்.

உடனே கேள்வி வரும்: "சார், கார்பன்–புளோரின் பிணைப்பு ரொம்ப வலுவானதாச்சே, அயோடின் இருந்தா இன்னும் வேகமா நடக்காதா?" நல்ல கேள்வி. ஆல்கைல் ஹாலைடுகளில் (ஹாலஜன் பென்சீன் வளையத்தில் இல்லாமல் சாதாரண கார்பன் சங்கிலியில் இருக்கும் பொருட்களில்) அயோடின்தான் எளிதில் வெளியேறும் என்று படித்துவிட்டு வருகிறார்கள். அங்கே அது சரியும்கூட.

எந்தப் படி மெதுவாக நடக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். இந்த வினையில் பெரும்பாலும் கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் கொடுத்துத் தாக்குவது, இங்கே மார்ஃபோலின்) வளையத்தில் வந்து ஒட்டுவதுதான் கடினமான படி, ஏனென்றால் அப்போது அரோமேட்டிக் தன்மை, அதாவது எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவியிருப்பதால் வரும் நிலைத்தன்மை, குலைகிறது. புளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அதைத் தாங்கும் கார்பன் தாக்குதலுக்கு நன்றாக இடம் கொடுக்கிறது. ஒட்டியபின், இழந்த அரோமேட்டிக் தன்மையை மீட்க வளையம் புளோரைடை விரைவில் வெளியேற்றிவிடும். அதனால் இங்கே வரிசை தலைகீழ்: புளோரின் முன்னே, குளோரினும் புரோமினும் நடுவில், அயோடின் கடைசி.

அப்புறம் நைட்ரோ தொகுதி. இடையில் உருவாகும் பொருளை, வேதியியலாளர் மைசன்ஹைமரின் பெயரால், மைசன்ஹைமர் அணைவு என்பார்கள். அதன் அமைப்புக்கு அவர் 1902-ல் ஆதாரம் தந்தார். வளையத்துக்குள் வந்த எலக்ட்ரான் சுமையை நைட்ரோவின் ஆக்சிஜன்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் தாக்கப்படும் கார்பனுக்கு ஆர்த்தோ (பக்கத்து), பாரா (நேர் எதிர்) இடங்களில் நைட்ரோ இருந்தால்தான் அந்தச் சுமை அதுவரை போய்ச்சேரும். நம் மூலக்கூறில் பாரா இடத்துப் புளோரின் போய்விடுகிறது. மெட்டா (ஒன்று விட்டு அடுத்த) இடத்துப் புளோரின் அசையாமல் மாத்திரை வரை கூடவே வருகிறது. பலகையில் எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறிகளை அவர்களையே போடச் சொல்வேன். மெட்டாவிலிருந்து தொடங்கினால் சுமை நைட்ரோவுக்குப் போகவே போகாது என்று தாங்களே கண்டுபிடிக்கும்போது முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நைட்ரோவின் பலம் எவ்வளவு என்று பாடப்புத்தக வெப்பநிலைகளே சொல்லும். சோடியம் ஹைட்ராக்சைடுடன் குளோரோபென்சீன் வினைபுரிய சுமார் 350 டிகிரி செல்சியஸும் உயர் அழுத்தமும் வேண்டும் (அதுவும் பென்சைன் என்ற இடைநிலைப் பொருள் வழியாக, வேறு விதத்தில்). பாராவில் ஒரு நைட்ரோ வந்தால் 170 டிகிரி, இரண்டு நைட்ரோ என்றால் 95, மூன்றுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

லேபில் கவனிக்க வேண்டியவை வேறு. வினை வெப்பத்தை வெளிவிடும். மார்ஃபோலினை நிதானமாகச் சேர்க்க வேண்டும். உண்டாகும் அமிலத்தைப் பிடிக்க ஒரு காரம் கட்டாயம், இல்லாவிட்டால் பாதி மார்ஃபோலின் உப்பாகி வீணாகும். வெளியேறிய புளோரைடு கழுவும் நீரில்தான் இருக்கும். அதில் அமிலம் பட்டால் கண்ணாடிப் பூச்சுள்ள ரியாக்டரை அரித்துவிடும். ஆகவே கழுவும்போது பிஹெச் காரப்பக்கமே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறேன்.