சிட்னியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறியவர்கள்

சிட்னிப் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் வாடகை வீடு எடுத்த புதிதில் பொழுதைப் போக்குவதே பெரும்பாடாக இருந்தது. அவர் வேலைக்குப் போனதும் நான் ரயிலேறிப் பரமட்டா நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மெக்குவாரி என்ற பெயர். யார் இவர் என்று தேடப் போய்த்தான் 73ஆம் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் கதை கைக்கு வந்தது. அதில் எங்கள் இலங்கை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

1808இல் சிட்னியில் இருந்த படையே ஆளுநர் பிளையைச் சிறைபிடித்து ஆட்சியை எடுத்துக்கொண்டது. அந்தப் படையை மாற்ற லண்டன் அனுப்பியதுதான் 73ஆம் ரெஜிமென்ட். டிரோமெடரி, இந்துஸ்தான் என்ற இரு கப்பல்கள் 1809 மே மாதம் கிளம்பி, ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் வழியாக டிசம்பர் கடைசியில் வந்து சேர்ந்தன. புது ஆளுநர் மெக்குவாரியின் மனைவி எலிசபெத் வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார்.

சிப்பாய்களின் மனைவிமார் பாடு வேறு. போர்முனைக்குப் போகும் படையில் நூறு பேருக்கு ஆறு மனைவிமார் என்பதே அன்றைய வழமையான கணக்கு. தூரதேசக் காவலுக்கு அது கொஞ்சம் கூடும். யாருக்கு இடம் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டு விழாதவள் பிள்ளையோடு துறைமுகத்தில் நிற்க வேண்டியதுதான். விசா வரும்வரை யாழ்ப்பாணத்தில் தபால்காரனையே பார்த்துக்கொண்டிருந்த என்னால் இதைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஊன்றிக்கொள்ள நாள் எடுக்கும். "பிள்ளை, இந்த வீடுகளுக்குள்ள வெளியைவிடக் குளிர். கதவடியில பழைய துவாயைச் சுருட்டி வை" என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்லித்தந்துதான் என் முதல் யூலை கழிந்தது. அந்தச் சிப்பாய்களும் அப்படித்தான் ஊன்றினார்கள். பலர் இங்குள்ள பெண்களையே கட்டினார்கள். மெக்குவாரிக்கு அதுவே குறையாகப் பட்டது. படை ஊராரோடு ஒட்டிவிட்டது, மாற்றுங்கள் என்று எழுதினார். 1814இல் ரெஜிமென்ட் இலங்கைக்குப் போனது.

ஒரு பகுதியினர் ஏறியது ஜெனரல் ஹெவிட் கப்பலில். இங்கிலாந்திலிருந்து முந்நூறு கைதிகளோடு புறப்பட்டு, வழியில் 34 பேரைச் சாகக் கொடுத்துவிட்டு அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் அது இங்கே வந்திருந்தது. வைத்தியர் ரெட்ஃபர்ன் பிறகு விசாரித்து, காற்றோட்டமும் துப்புரவும் இல்லாததைக் காரணமாக எழுதினார். அதே கப்பலில் குழந்தைகளோடு ஏறிய தாய்மாரை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இதே படை 1815இல் கண்டியைப் பிடிக்கப் போனது. நாயக்கர் வழிவந்த கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து 1832இல் இறந்தார். ஆகவே அந்தப் படைமேல் எனக்கு இரக்கம் கிடையாது. அதன் பின்னால் இழுபட்ட பெண்கள்மேல்தான் இரக்கம்.

அந்தப் படையின் தளபதியாக இருந்த ஓகோனல் 1838இல் பெரிய பதவியோடு சிட்னிக்கே திரும்பினார். மனைவி மேரி, பழைய ஆளுநர் பிளையின் மகள். இவர்களின் மகன் சிட்னியில் பிறந்து, இரண்டு வயதில் கொழும்புக்குப் போனவர். அவரும் திரும்பி வந்து, பின்னாளில் குவீன்ஸ்லாந்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். அவரைப் பற்றி நூலகத்தில் நிறையவே கிடைக்கிறது. நான் இப்போது தேடுவது அந்தக் கப்பல்களில் போன மற்றப் பிள்ளைகளை.