கூத்தனூர் சன்னிதியில் அப்பாவின் பட்டியல்

அப்பாவின் முதல் வருடத் திதி மாசியில் வந்தது. அதைச் செதலபதியில்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த கையோடு கூத்தனூர் போய் அம்பாளைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்று அம்மா பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஏன் என்று தம்பியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கூத்தனூர் அப்பாவின் ஊர் மாதிரி. முப்பது வருடங்களுக்கும் மேலாக, மாசி பிறந்தால் ஒரு நாள் அவர் அங்கே இருப்பார்.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் வழியில் பேரளத்தைத் தாண்டியதும் பூந்தோட்டம். இரண்டு தலங்களும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பொழுது புலரும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சம்பா அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து பச்சை பிடித்திருந்தது. வரப்பெல்லாம் பனி. வழி முழுவதும் அம்மா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார்.

ஊரார் செதலபதி என்று சொல்லும் தலத்துக்குத் திலதர்ப்பணபுரி என்று பெயர். திலம் என்றால் எள். சம்பந்தர் இதைத் திலதைப்பதி என்றும், கோயிலை மதிமுத்தம் என்றும் பாடியிருக்கிறார். சுவாமி முத்தீஸ்வரர். கோயிலுக்கு வெளியே தனிச் சன்னிதியில் ஆதி விநாயகர் இருக்கிறார். யானை முகம் கிடையாது, மனித முகம். முதலில் அவரை வணங்கிவிட்டு உள்ளே போனோம். இங்கே எல்லா நாளும் அமாவாசைதான் என்பது நம்பிக்கை. அதனால் திதி கொடுக்க எந்த நாளும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ராமர் தம் தந்தை தசரதருக்கு எள்ளும் நீரும் இறைத்த இடம் இது என்கிறது தலபுராணம். தசரதருக்கு மட்டும் இல்லை, சீதைக்காகச் சிறகிழந்து விழுந்த ஜடாயுவுக்கும் சேர்த்து. பெற்றவருக்குச் செய்ததை அப்படியே ஒரு பறவைக்கும் செய்திருக்கிறார். மண்டியிட்டுத் தர்ப்பணம் செய்யும் ராமரின் முன் நின்றபோது எனக்கு இந்த ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

தம்பி இலையின் முன் உட்கார்ந்தான். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். கோத்திரம் சொன்னான். "அப்பா பெயர் சொல்லுங்கள்" என்றார் குருக்கள். தம்பி வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்பாவின் பெயரைச் சொன்னதே இல்லை. படிவங்களில் எழுதியிருக்கிறோம், கேட்டவர்களுக்கு "கணக்கு வாத்தியார் பிள்ளைகள்" என்று சொல்லியிருக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குருக்கள் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். பிறகு தம்பி சொன்னான். மந்திரத்தோடு சேர்த்து மூன்று முறை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீர் இறங்கியது. கடைசியில் நாலைந்து எள் அவன் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்பா போன மாசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அவர் இருந்ததைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மா கிராம சுகாதார நர்ஸ். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் எனக்குத் தலை பின்னிவிட்டது அப்பாதான். சீப்பின் நுனியால் நடு வகிடு எடுப்பார். கரும்பலகையில் கோடு போடும்போது பிடிக்கும் அதே மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார். பின்னல் இரண்டையும் மடித்து ரிப்பன் கட்டிய பிறகு, நான்கு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து நீளம் பார்ப்பார். ஒரு நுனி அரை விரற்கடை நீண்டிருந்தாலும் அவிழ்த்துக் கட்டுவார். அவர் வலது நடுவிரலில் சிவப்பு மைக் கறை எப்போதும் இருக்கும். சனி ஞாயிறுகளில்கூடப் போகாது. அந்த விரல் காதோரம் படும்போது சாக்கட்டி வாசனை அடிக்கும். பத்தாம் வகுப்பு வரைக்கும் என் தலை அவர் கையில்தான். மணியடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, எனக்குப் பின்னி முடித்து, தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, எங்கள் இருவருக்கும் முன்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடுவார். உள்ளே போனால் அவர் எங்களுக்கு அப்பா இல்லை, சார்தான்.

செதலபதியிலிருந்து கூத்தனூருக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் காலம். சன்னிதித் தெருவிலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. ஹால் டிக்கெட்டும் பேனாவும் வைத்த தட்டுகளோடு பிள்ளைகள். பின்னால் பிள்ளைகளைவிடப் பயந்து போன முகங்களோடு பெற்றோர்.

சரஸ்வதிக்கென்றே இருக்கும் கோயில். மூன்று சோழ மன்னர்களின் அவையில் புலவராக இருந்த ஒட்டக்கூத்தருக்கு இரண்டாம் இராசராசன் கொடுத்த ஊர், அதனால் கூத்தன் ஊர். பூந்தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது ஒவ்வொரு வருடமும் அப்பா இதைப் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். "கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பாடம் சொன்னவர் என்பார்கள். வாத்தியாருக்கு ஊரையே கொடுத்திருக்கிறார்கள், பார்த்தாயா?" என்பார். அவர் குரலில் அப்போது ஒரு பெருமிதம் இருக்கும். அது அவர் தனக்காகப் பட்ட பெருமை இல்லை, தொழிலுக்காகப் பட்டது.

அம்பாள் வெண்தாமரையில், வெள்ளைப் புடவையில் அமர்ந்திருக்கிறாள். மேல் கைகளில் அட்சமாலையும் அமிர்த கலசமும். கீழ்க் கைகளில் ஒன்றில் புத்தகம், மற்றது சின்முத்திரை. வீணை கிடையாது. சிறுவயதில் நான் வீணையைத் தேடியபோது அப்பா குனிந்து காதில் சொன்னார்: "இங்கே பாட வரவில்லை, பாடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறாள்." அதன் பிறகு எந்தக் கோயிலில் சரஸ்வதியைப் பார்த்தாலும் முதலில் கைகளைத்தான் பார்க்கிறேன்.

அப்பா தட்டில் எங்கள் பேனாக்களை வைத்ததில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைத் தம் கையால் வரிசை எண்ணோடு எழுதிய முழுநீளத் தாள் ஒன்றைக் கொண்டுவருவார். குருக்கள் நட்சத்திரம் கேட்பார். பாதிப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் என்னவென்று அவர்கள் வீட்டிலேயே தெரியாது. "பெயர் மட்டும் போதும், நான் சொல்கிறேன்" என்பார் அப்பா. பதிவேடு வாசிக்கும் அதே குரல், கொஞ்சம் தணிந்து. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தாளில் இருப்பார்கள். சர்ச்சுக்குப் போகும் வீடும் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகும் வீடும் உண்டு. ஒரு முறை வரிசையில் நின்ற ஒருவர் இதைக் கேட்டுவிட்டார். "வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் பெயர் கூப்பிடுவது?" என்றார் அப்பா. கோபமே இல்லை. உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் என் எண் 29. அந்த வருடம் அவர் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். 28 வந்தது, 29 வந்தது, 30 வந்தது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரவு வரை அழுதேன். மகளுக்காகத் தனியாக ஒரு அர்ச்சனை செய்யத் தோன்றவில்லையே என்று பல வருடங்கள் உள்ளே ஒரு முள்ளாகவே இருந்தது. எனக்குக் குழந்தை பிறந்து, அது முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நாளில், வகுப்பு வாசலில் நின்று அந்த ஆசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் பெயரை மற்றப் பெயர்களைச் சொல்வதைப் போலவே சொல்கிறாரா என்று. அன்றைக்குத்தான் அந்த முள் வெளியே வந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. தை மாதக் கடைசியில் பள்ளிக்குப் போய், அனுமதி கேட்டு, பெயர்களை எழுதிக்கொண்டு வருவார். போன வருடமும் எழுதி வைத்திருந்தார். கூத்தனூர் போக நாள் பார்த்திருந்தார். அதற்குள்தான் அப்படி ஆகிவிட்டது.

சன்னிதியில் அம்மா துணிப்பையைப் பிரித்தார். அந்தத் தாள்தான். ஒரு வருடமாகப் பூஜை அறையில் விளக்கடியில் இருந்திருக்கிறது. எண்ணெய் இறங்கி ஓரம் பழுத்திருந்தது.

"அம்மா, இந்தப் பிள்ளைகள் எல்லாம் எழுதி முடித்து, பதினொன்றாம் வகுப்பே முடிக்கப் போகிறார்கள்" என்றான் தம்பி மெதுவாக.

"தெரியும். சொல்லாமல் வைத்திருந்தது போதும்" என்றார் அம்மா. தாளை என்னிடம் நீட்டினார். "அக்கா, நீயே வாசி" என்று தம்பி தட்டைப் பிடித்துக்கொண்டான்.

எங்களுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கூட்டம் சற்றுக் குறைந்ததும் குருக்களிடம் கேட்டோம். தலையசைத்தார். ஒன்று என்று தொடங்கினேன். எண்களின் வால் சுழியில், பெயருக்குக் கீழே இழுத்த மெல்லிய கோட்டில், அப்பாவின் கை அப்படியே இருந்தது. மொத்தம் 42 பெயர்கள். பத்துப் பெயருக்குள் எனக்கே தெரியாமல் என் குரல் அவர் குரலின் வேகத்துக்கு வந்துவிட்டது. 31இல் நின்றேன். மடிப்பில் எண்ணெய் பட்டு மை கரைந்து, முதல் எழுத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குருக்கள் கையில் பூவோடு காத்திருந்தார்.

அம்மா பக்கத்திலிருந்து பெயரைச் சொன்னார். தாளைப் பார்க்கவே இல்லை, அம்பாளைப் பார்த்தபடி சொன்னார்.

"கண்ணாடி போட்ட பெண். கணக்கு வரவில்லை என்று அழும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கும். போட்டுப் பார்த்த கணக்கையே திரும்பப் போடச் சொல்வார் உன் அப்பா. நான் காப்பி கொண்டுபோய் வைத்தால், முதலில் அதற்குக் கொடு என்பார்."

பெயரைச் சொன்னேன். குருக்கள் பூவை அம்பாள் பாதத்தில் வைத்தார். நான் 32க்குப் போனேன்.