சாவி யார் கையில்

லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான ஒரு லோடிங் டாக்கில் பாதுகாப்பு விதிகள் எந்த அளவுக்கு உயிரோடு இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் காலையில் போய்ப் பயனில்லை. காலையில் ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் நீட்டிய ஃபோர்க் என்ற இரும்புக் கரங்களால் சரக்கைத் தூக்கும் வண்டி) ஓட்டுபவர்கள் எல்லாரும் பெல்ட் போட்டிருப்பார்கள், முனைக்கு முனை ஹார்ன் அடிப்பார்கள், நடப்பவர்கள் மஞ்சள் கோட்டுக்குள் நடப்பார்கள். கடைசி ட்ரெய்லர் கிளம்ப அரை மணி நேரம் இருக்க, இன்னும் பத்துப் பாலட் (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டு) வெளியே நிற்கும் நேரத்தில் போக வேண்டும். ட்ரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா, இல்லை கட்டை சுவரில் கொக்கியிலேயே தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

விதி தெரியாமல் மீறுகிறவர் டாக்கில் அபூர்வம். பயிற்சி வகுப்பில் கேட்டால் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்கள். விதியைக் கடைப்பிடித்தால் இரண்டு நிமிடம் இப்போதே போகிறது. மீறினாலோ பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. இந்தக் கணக்கை மாற்றாமல் சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது சுவருக்குத்தான் அழகு.

சீட் பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிற வித்தை பழைய ஆபரேட்டர்களுக்கெல்லாம் தெரியும். பெல்ட் மாட்டினால்தான் வண்டி நகரும் என்று சென்சார் வைத்தாலும் இதே வித்தைதான். முதலில் ஆள் உட்கார்ந்து, அதன் பிறகு மாட்டினால் மட்டுமே ஒப்புக்கொள்ளும் சென்சார்தான் இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் அந்த ஆபரேட்டரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று கவனியுங்கள். லேபிளை ஸ்கேன் செய்ய இறங்குகிறார். கிழிந்து தொங்கும் ஸ்ட்ரெச் ஃபிலிமைச் சுற்ற இறங்குகிறார். டாக்குக்கும் ட்ரெய்லருக்கும் பாலமாகும் தகடான டாக் லெவலரின் பட்டனை அழுத்த இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் பெல்ட்டைக் கழற்றி மாட்டச் சொல்வது அவர் வேலையோடு மல்லுக்கட்டும் விதி. தூரத்திலிருந்தே படிக்கும் ஸ்கேனரை வண்டியில் மாட்டி, ஃபிலிம் சுற்றுவதைத் தரையில் நிற்கும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் இறங்கி ஏறுவது பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதன் பிறகு பெல்ட் போடாதவரைக் கண்டித்தால் கேட்பதற்கு நியாயம் இருக்கும்.

பெல்ட் ஏன் என்பதையும் சரியாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. வண்டி பக்கவாட்டில் சாயும்போது வெளியே குதிக்கத்தான் உடம்பு சொல்லும். குதிக்கிற பக்கமும் வண்டி விழுகிற பக்கமும் பெரும்பாலும் ஒன்றே. தலைக்கு மேலுள்ள இரும்புக் கூரையின் விளிம்பு விழுந்தவர் மேல் வந்து இறங்கும். பின்னால் எதிர்எடை வைத்த, உட்கார்ந்து ஓட்டும் கவுன்டர்பேலன்ஸ் வண்டியில் செய்ய வேண்டியது நேர் எதிரானது: ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கால்களைத் தரைத்தட்டில் ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, சீட்டிலேயே இருக்க வேண்டும். நின்றுகொண்டு ஓட்டும், பின்பக்கம் திறந்த ரீச் டிரக்கில் இது அப்படியே மாறும். அதில் பின்னால் இறங்கி விலகுவதே வழி. இரண்டு வகை வண்டியும் ஓடும் இடத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பயிற்சியே ஆபத்தாகிவிடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, லோடு இருந்தால்தான் வண்டி கவிழும் என்பது. கவுன்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்டுக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு முன்சக்கரங்கள், பின் ஆக்ஸில் நடுவில் ஆடும் ஊசி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். முன்னால் அகலம், பின்னால் கூர்மை. வண்டியின் மொத்த எடை மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். லோடு ஏற்றினால் மையம் முன்பக்கம், அகலமான பகுதிக்கு நகர்கிறது. காலி வண்டியில் பின்னிருக்கும் எதிர்எடை காரணமாக அது கூரான பக்கம் ஒதுங்கி நிற்கிறது. பக்கக்கோடு அங்கே கைக்கெட்டும் தூரத்தில். லோடை இறக்கிவிட்டு, ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் தூணான மாஸ்டை முழுக்க இறக்காமல், அடுத்த பாலட்டுக்காக வேகமாக வளைத்துத் திரும்பும் காலி வண்டிக்கு அதனால்தான் பயப்பட வேண்டும். ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வண்டி முன்பக்கமாகக் குப்புறச் சாய்வது வேறு கணக்கு. வண்டித் தகட்டில் 2,500 கிலோ என்று பார்த்ததும் அதற்குள் எதையும் தூக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே 500 மில்லிமீட்டர் என்றும் எழுதியிருக்கும். லோடின் மையம் ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் இருந்தால்தான் அந்த 2,500. ஒரு பெட்டி 1.4 மீட்டர் நீளம் என்றால் மையம் 700 மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறது. முன் ஆக்ஸிலிலிருந்து ஃபோர்க் முகம் 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2,500-ஐ 950-ஆல் பெருக்கி 1,150-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 2,065 கிலோ. பெட்டியை ஃபோர்க்கின் நுனியில் மட்டும் ஏந்தினால் இன்னும் குறையும். லோடைப் பக்கவாட்டில் நகர்த்தும் சைடு ஷிஃப்டரோ, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்போ மாட்டியிருந்தால் அதன் எடையும் அது லோடை முன்னே தள்ளும் தூரமும் சேர்ந்து குறைக்கும். இது மனக்கணக்குக்கு மட்டும். தீர்ப்பு அந்த வண்டியின், அந்த அட்டாச்மென்டுக்கான தகட்டில் உள்ளதுதான். தகடு தேய்ந்து படிக்க முடியாமல் போன வண்டியை ஓட்டக்கூடாது என்பது கெடுபிடியாகத் தோன்றலாம், ஆனால் தகடு இல்லாமல் ஆபரேட்டர் எதை வைத்து மறுப்பார்?

டாக்கின் விளிம்புக்கு வருவோம். ட்ரெய்லருக்கும் கட்டடத்துக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடைவெளிக்கு இங்கே தனி மரியாதை தர வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர் ஒரு இம்மி முன்னே தள்ளப்படுகிறது. பார்த்தால் தெரியாது. முப்பது நடை கழிந்தால் லெவலரின் நாக்கு ட்ரெய்லர் தரையின் ஓரத்துக்கு வந்திருக்கும். நாக்கு குறைந்தது 10 சென்டிமீட்டராவது ட்ரெய்லருக்குள் படுத்திருக்க வேண்டும் என்பது முதல் பாலட்டுக்கு மட்டுமான விதி அல்ல. லோடு பாதியில் இருக்கும்போது ஒருமுறை பார்ப்பதை யாரும் செய்வதில்லை, நாக்கு நழுவி வண்டி விழும் ஆபத்து கூடுவதும் பாதிக்கு மேல்தான்.

இதைவிடக் கொடியது, உள்ளே ஃபோர்க்லிஃப்ட் இருக்கும்போதே லாரி கிளம்பிவிடுவது. டிரைவர் மேல் மட்டும் பழி போட முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டம் நின்றால் லோடு முடிந்துவிட்டது என்றுதான் படும். “அண்ணே, முடிஞ்சுதா?” என்று அவர் கேட்க, லோடுமேன் ஒருவர் வேறு எதற்கோ கை அசைக்க, அவ்வளவுதான். சிவப்பு, பச்சை விளக்கு நல்லது. சக்கரக் கட்டை நல்லது. ட்ரெய்லரின் பின்புறப் பம்பர் கம்பியைக் கவ்விக்கொள்ளும் டாக் லாக் இன்னும் நல்லது. இவை மூன்றோடும் சேர்த்து எளிதான, அதிகக் காசு செலவில்லாத ஒன்று உண்டு. லாரி டாக்கில் வந்து நின்றதும் அதன் சாவி டாக் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். கதவு எண் எழுதிய கொக்கியில் அது தொங்க வேண்டும். டாக்குமென்டும் சாவியும் ஒன்றாகத்தான் திரும்பிப் போகும். டிரைவர் காத்திருக்கத் தனி அறையும் நாற்காலியும் வேண்டும். அது இல்லாமல் சாவியை வாங்கினால், ஏசிக்காகவோ ஹீட்டருக்காகவோ அவர் இரண்டாவது சாவியோடு கேபினில்தான் இருப்பார்.

முன்வண்டி கழற்றிப்போன ட்ரெய்லர் என்றால் கூடுதல் கவனம். அதன் முன்பாரத்தைத் தாங்கி நிற்பது இரண்டு லேண்டிங் கால்கள் மட்டுமே. லோடோடு சேர்த்து ஆறு டன்னைத் தாண்டும் ஃபோர்க்லிஃப்ட் மூக்குப் பக்கம்வரை போகும்போது கால் மடங்கலாம், மண் தரையானால் புதையலாம், அல்லது ட்ரெய்லர் அப்படியே மூக்குக் குத்தலாம். மூக்கின் கீழ் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். போவதற்கு முன் ஒருவர் டார்ச்சோடு நடந்து பார்க்க வேண்டும்: பலகை உளுத்திருக்கிறதா, ஈரமா, ஆணி துருத்தி நிற்கிறதா. டீசலோ கேஸோ போட்டு ஓடும் வண்டியை மூடிய கன்டெய்னருக்குள் வெகுநேரம் ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். தலைவலி என்று லோடுமேன் சொன்னால் வெயில், தூக்கமில்லை என்று தள்ளிவிடாமல் முதலில் அவரை வெளியே காற்றுக்குக் கூட்டிவர வேண்டும்.

நடப்பவர்கள் விஷயத்தில் ஒரே ஒரு எண்ணை மனத்தில் வைத்தால் போதும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 2.8 மீட்டர். ஓட்டுபவர் ஆளைப் பார்த்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே வண்டி ஒரு ஆள் நீளத்தைத் தாண்டிவிடும்; பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். அதுவும் லோடோடு அழுத்திப் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், லோடு நிற்காது. பின்சக்கரம் திரும்புவதால் வண்டியின் பின்பகுதி வெளிப்பக்கம் வீசும். அதன் அருகில் சுவரை ஒட்டி நிற்பவருக்கு ஒதுங்க இடமிருக்காது. சாய்ந்த லோடைக் கையால் தாங்கிக்கொண்டே கூட நடக்கும் லோடுமேனைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். சாய்ந்த லோடை இறக்கி அடுக்கிக் கட்டத்தான் வேண்டும்.

சரிவில் லோடோடு போனால் லோடு எப்போதும் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும். காலியாக என்றால் ஃபோர்க் பள்ளத்தைப் பார்க்கும். சரிவில் திரும்பக்கூடாது. இதில் விளக்க அதிகமில்லை.

தினசரி செக்லிஸ்ட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178 தினமும் ஒருமுறை வண்டியைப் பரிசோதிக்கச் சொல்கிறது. வண்டி இரவு பகலாக ஓடினால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும். அதே விதி ஆபரேட்டரின் திறமையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிடவும் சொல்கிறது. காகிதத்தில் இருபது கட்டம். ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இருபது டிக். இது பரிசோதனை இல்லை என்பது வாங்கி வைப்பவருக்கும் தெரியும். காகிதத்தை விட்டு வண்டியிடம் போனால் உண்மை தெரியும். ஃபோர்க்கின் குதிகால், அதாவது செங்குத்துப் பகுதி வளைந்து படுக்கும் இடம், தரையில் உரசி உரசித் தேய்கிறது. முதலில் 40 மில்லிமீட்டர் தடிமன் இருந்த ஃபோர்க் 36 ஆகிவிட்டால், பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது, கழற்றிவிட வேண்டும். கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியாது, ஆனால் தாங்கும் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். இதற்குத் தடிமன் அளக்கும் கருவியான ஒரு காலிபர் வேண்டும். செக்லிஸ்ட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது. காலிபர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

பிரேக் சரியில்லை என்று ஒரு ஆபரேட்டர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு டேக் கட்டி, வண்டிச் சாவியை எடுத்துப் பூட்டிவிட வேண்டும். மாற்று வண்டி இல்லாத டாக்கில் அந்த டேக் மதியச் சாப்பாட்டுவரை தாங்கும். பிறகு யாரோ ஒருவர் வந்து “மெதுவா ஓட்டிக்கப்பா, சாயங்காலம் மெக்கானிக் வந்துருவாரு” என்பார். அன்றோடு அந்த ஆபரேட்டர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும். டேக்கை அவிழ்க்கும் அதிகாரம் மெக்கானிக்கின் கையெழுத்துக்கு மட்டும்தான், டிஸ்பாட்ச் மேனேஜருக்கு இல்லை என்று எழுதி வைத்து, ஒருமுறையாவது அதற்காக ஒரு லோடு தாமதமாகப் போக விட்டால், அந்த ஒரு தாமதம் பத்து வகுப்புக்குச் சமம்.

கண்டிப்பு சறுக்குவது புது ஆளிடம் இல்லை. கெட்டிக்கார ஆபரேட்டர் ஒருவர் எல்லா ஷிஃப்டிலும் இருப்பார். மற்றவர்கள் இருபது பாலட் ஏற்றும் நேரத்தில் முப்பது ஏற்றுவார். அவர் பெல்ட் போடுவதில்லை, முனையில் நிற்பதில்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் பார்க்காமல் போவார். நாலு நாளைக்குப் பிறகு புது ஆளுக்கு ஹார்ன் அடிக்காததற்கு மெமோ கொடுத்தால், அந்த மெமோவை யார் மதிப்பார்கள்? கண்டிப்பதானால் முதலில் அந்த முப்பது பாலட்காரரிடம் தொடங்க வேண்டும், அதுவும் விபத்து எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில். மெமோவுக்கு முன் பேச்சு: எதற்காக நிற்காமல் போனீர்கள், அந்த முனையில் கண்ணாடி சரியாக இருக்கிறதா, ரேக் மறைக்கிறதா? பாதி நேரம் பதிலில் சரிசெய்ய வேண்டிய ஏதோ ஒன்று கிடைக்கும். மீதி நேரம் காரணம் எதுவும் இருக்காது, அப்போது மெமோ கொடுக்கலாம். மயிரிழையில் தப்பியவற்றைச் சொல்பவருக்கு அதே நாளில் மெமோ கொடுத்தால் மட்டும், அப்புறம் எதுவும் காதுக்கு வராது.

கட்டைக்கே திரும்பினால், அதையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். தினம் வேலை செய்யும் கட்டையின் அடிப்பக்க ரப்பர் தேய்ந்து, ஓரங்களில் டயர்க் கறுப்பு ஏறி, சங்கிலி பளபளப்பாக இருக்கும். சங்கிலி சக்கரம்வரை எட்டாத அளவுக்குக் குட்டையாக இருந்தால் அது ஆடிட்டுக்காகத் தொங்கும் கட்டை. அடியில் மஞ்சள் பெயின்ட் மங்காமல், மேலே தூசி படிந்திருந்தால், அந்தக் கதவுக்கு அடுத்த லாரி வருவதற்கு முன்பே யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.