உறவினர் விவரம் கேட்கும் பக்கம்

சிங்கப்பூரில் உளவு, பாதுகாப்புத் துறை வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் நிரப்பும் பாதுகாப்புச் சோதனைப் படிவத்தில் சொந்தப் பெயர், அடையாள அட்டை எண், படித்த பள்ளி, தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) செய்த பிரிவு வரைக்கும் எல்லாரும் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார்கள். பேனா நிற்பது உறவினர் விவரம் கேட்கும் பக்கத்தில்தான். பெற்றோர், உடன்பிறந்தார், கணவர் அல்லது மனைவி, மாமனார், மாமியார் என்று ஆளுக்கொரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், குடியுரிமை, வேலை, முகவரி. மாமனார் எந்த வருஷம் பிறந்தார் என்று வீட்டில் கேட்டால், "நான் பிறந்தப்போ அப்பாவுக்கு முப்பது இருக்கும்" என்று பதில் வரும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்த மாதிரி வேலைகள் இங்கே இரண்டு அமைச்சுகளின்கீழ் வருகின்றன. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உள்துறை அமைச்சைச் சேர்ந்தது. வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் பிரிவு தற்காப்பு அமைச்சைச் சேர்ந்தது. கணினி ஆட்களைத் தேடும் சிஎஸ்ஐடி என்ற தொழில்நுட்ப அமைப்பும் தற்காப்பு அமைச்சின் கீழ்தான். எல்லாவற்றுக்கும் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். யாரை எவ்வளவு ஆழமாகத் தோண்டுவார்கள் என்பதை இங்கே வெளியில் சொல்வதில்லை. ‘கேட் 1’, ‘கேட் 2’ என்று பாதுகாப்பு அனுமதியின் நிலைகள் தேசிய சேவைக் காலத்தில் காதில் விழுந்ததோடு சரி. இதே சோதனைக்கு அமெரிக்கர்கள் பயன்படுத்தும் எஸ்எஃப்-86 படிவம் யாருக்கும் இணையத்தில் கிடைக்கும். நூறு பக்கத்தைத் தாண்டும் அந்தப் படிவத்தை ஒருமுறை புரட்டினால், இந்த வேலைக்குக் கேட்கும் கேள்விகள் எப்படி இருக்கும் என்பது ஏறக்குறைய புரியும்.

சரிபார்ப்பவர் கையில் இருப்பது காகிதங்கள். இரண்டு காகிதம் ஒன்றோடொன்று முரண்பட்டால் அவர் விசாரித்தாக வேண்டும். ஒரு விசாரணைக் கடிதம் போய்த் திரும்ப வாரங்கள் ஆகலாம். விண்ணப்பங்கள் இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய குற்றம் எதுவும் இல்லை, இந்தச் சில்லறை முரண்பாடுகள்தான். தமிழர் வீட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது.

பெயரையே எடுத்துக்கொள்வோம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான் உண்டு. சிங்கப்பூர் அடையாள அட்டையில் நடுவே ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) அல்லது ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) வரும். மலேசியாவில் ஜோகூரில் இருக்கும் அத்தை மகனுக்கு, அதையே மலாயில் சொல்லும் ‘ஏ/எல்’. புதுக்கோட்டைப் பெரியப்பாவின் ரேஷன் கார்டில் வெறும் முன்னெழுத்து; பாஸ்போர்ட் எடுத்தபோது அது விரிந்து, தாத்தா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சுப்பிரமணியம் என்ற ஒரே மனிதர் ஆங்கிலத்தில் ஒரு தாளில் ‘எம்’மில் முடிவார், இன்னொரு தாளில் ‘என்’னில் முடிவார். வீட்டுக்காரர்களுக்கு இது கண்ணிலேயே படாது. கணினித் தேடலுக்கு அவர்கள் இரண்டு பேர். பிறந்த தேதியும் அப்படித்தான். ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் 1ஆம் தேதி ஆவணத்திலும், உண்மையான தேதி ஜாதகத்திலும் இருக்கும்.

படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போட்டுக்கொள்வது நல்லது: ஆவணம், எண், அதில் அச்சாகியிருக்கும் அதே எழுத்துக் கோவை, அதில் உள்ள பிறந்த தேதி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், திருமணப் பதிவு எல்லாவற்றையும் பார்த்து நிரப்பிய பிறகு, வேறுபடும் ஒவ்வொரு வடிவத்தையும் ‘பிற பெயர்கள்’ கட்டத்தில் ஏற்ற வேண்டும். ‘எழுத்துப் பிழைதானே’ என்று நாமே திருத்தி எழுதுவதுதான் பெரிய தப்பு. நாம் திருத்திய பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது.

வெளிநாட்டு உறவினர் இருப்பதாலேயே கதவை மூடிவிடுவார்கள் என்று பயந்து ஆளையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஜோகூரில் சித்தி, ஊரில் பெரியப்பா, துபாயில் அவர் மகன் என்பது இங்கே சாதாரணம், சரிபார்ப்பவருக்கும் அது தெரியும். அந்த உறவை வைத்து யாராவது நெருக்க முடியுமா என்பதே அவருடைய கவலை. அதனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேச்சு, பணம் போகிறதா வருகிறதா, அங்கே யாராவது காவல்துறையிலோ ராணுவத்திலோ கட்சியிலோ இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். மாமா ஊராட்சித் தலைவர் என்றால் ஊராட்சித் தலைவர் என்று எழுதினால் போதும். மறைக்கவும் வேண்டாம், ‘செல்வாக்கு மிக்கவர்’ என்று ஜோடிக்கவும் வேண்டாம்.

விவரம் திரட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். இத்தகைய வேலைக்கு விண்ணப்பித்திருப்பதை ஊருக்குச் சொல்லக் கூடாது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை அனுப்புங்க" என்று போட்டால் பத்து நிமிடத்தில் பினாங்கு வரைக்கும் செய்தி போய்விடும். ஒவ்வொரு கிளைக்கும் விவரம் தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தொலைபேசியில் கேட்பது மேல். "அரசாங்க வேலை, விவரம் கேட்கிறாங்க சித்தி" என்றால் போதும். அது பொய்யும் இல்லை. அதற்கு மேல் கதை கட்டினால் கட்டிய கதையை நாமே நினைவு வைத்திருக்க வேண்டும்.

கடன் பக்கத்தில் பேனா வேறு காரணத்துக்காக நிற்கும்: வெட்கம். அரசு ஊழியர்களுக்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. பிணையில்லாக் கடன் மொத்தமும் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினால் அது பண நெருக்கடி. சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் எல்லை 13,500. கடன் அட்டையில் 5,200, வங்கித் தனிநபர் கடன் 7,000, வீடு புதுப்பிக்க வாங்கியதில் பாக்கி 4,000 என்றால் கூட்டுத்தொகை 16,200. ஒவ்வொன்றும் தனித்தனியே சின்னதாகத் தெரிந்ததால் யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனுக்கு வீடே பிணை என்பதால் அது இந்தக் கணக்கில் சேராது. விண்ணப்பிக்கும் முன் கடன் தகவல் நிலையத்தின் அறிக்கையை வாங்கிப் பார்ப்பது நல்லது; மூடியதாக நினைத்த பழைய அட்டை திறந்தே கிடப்பது அதில்தான் தெரியவரும். அக்கம்பக்கத்தில் போட்ட சீட்டை முன்கூட்டியே எடுத்திருந்தால் அந்தப் பாக்கி எந்த அறிக்கையிலும் வராது. கடன் கேட்கும் கட்டத்தில் அதையும் எழுத வேண்டும்.

பணத்தில் இவ்வளவு கண்டிப்பு சும்மா வந்ததில்லை. 2013இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் அதிகாரி ஒருவரே குறைந்தது 1.7 மில்லியன் வெள்ளியைக் கையாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். பணத்தைச் சூதாட்டத்தில் விட்டிருந்தார். அந்த ஆண்டே, மாதத்தில் நான்கு முறைக்கு மேல் உள்ளூர் சூதாட்டக் கூடத்துக்குப் போனாலோ ஆண்டு நுழைவுச்சீட்டு வாங்கினாலோ அரசு ஊழியர்கள் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அமெரிக்காவில் சிஐஏ அதிகாரி ஆல்டிரிச் ஏம்ஸ் ரஷ்யர்களிடம் ரகசியம் விற்றுக்கொண்டிருந்தபோதே 1986லும் 1991லும் பொய் கண்டறியும் சோதனையில் தேறினார். கையில் காசு கொடுத்து 5,40,000 டாலருக்கு அவர் வாங்கிய வீடுதான் சந்தேகத்தைக் கிளப்பியவற்றுள் ஒன்று. வயர் மாட்டிய கருவியைவிட வங்கிக் கணக்கு நம்பகமானது என்று நினைக்க இதுவே போதும்.

போதைப்பொருள் கேள்வியில் அமெரிக்க ஆலோசனை இங்கே பொருந்தாது. ‘கல்லூரியில் ஒருமுறை, ஒப்புக்கொண்டேன், பரவாயில்லை என்றார்கள்’ என்ற கதைகள் அங்கே நிறைய. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே அது குற்றம். அப்படி எதுவும் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரிடம் பேச வேண்டும்.

சான்றாளர் பெயர் கேட்டால் நம்மவர்கள் கோயில் நிர்வாகத் தலைவரையும் சமூகப் பெரிய மனிதரையும் எழுதிவிடுகிறார்கள். அவரைக் கேட்டால், "நல்ல பையன், நல்ல குடும்பம்" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தேசிய சேவையில் ஒரே அறையில் இருந்தவர், மூன்று வருஷம் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் போன்றவர்கள் சொல்வதற்குத்தான் எடை.

வெளிநாட்டுப் பயணம் கேட்கும் பக்கத்தில், ஜோகூருக்கு வார இறுதிகளில் போய்வந்ததைத் தேதி தேதியாக யாராலும் எழுத முடியாது. வெற்றாக விடாமல் ‘மாதம் சுமார் இரண்டு முறை, பொருள் வாங்க, உறவினரைப் பார்க்க’ என்று எழுதிவிட்டு, அது போதுமா என்று படிவத்தை அனுப்பியவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். விமானப் பயணங்களுக்குப் பழைய பாஸ்போர்ட்டும் மின்னஞ்சலில் கிடக்கும் பயணச்சீட்டுகளும் கைகொடுக்கும்.

லிங்க்ட்இன் பக்கத்தில் ‘பாதுகாப்பு அனுமதி பெற்றவர்’ என்று போட்டுக்கொள்வதைப் பற்றி ஒரே ஒரு தகவல். சீன உளவுத்துறைக்காக வேலை பார்த்ததாக 2020 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட சிங்கப்பூரர் ஒருவர், போலி ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் ஆள் தேவை விளம்பரம் கொடுத்திருந்தார். வந்த தன்விவரக் குறிப்புகள் 400க்கு மேல். அவற்றில் 90 விழுக்காடு பாதுகாப்பு அனுமதி வைத்திருந்த அமெரிக்க ராணுவ, அரசு ஊழியர்களுடையவை.

படிவத்தை அனுப்பிய பிறகு மாதக் கணக்கில் சத்தமே இருக்காது. அந்த மௌனத்துக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ அர்த்தம் தேட வேண்டாம். வேலை உறுதி என்ற கடிதத்தில் ‘சோதனை முடிவுக்கு உட்பட்டு’ என்ற வரி இருந்தால், இப்போதைய வேலையை விடக் கூடாது. இடையில் முகவரி மாறினாலோ புதுக் கடன் வாங்கினாலோ தாமாகவே தெரிவித்துவிட வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகும் இது ஓயாது. 1935ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தின்கீழ் கையெழுத்து, ஆண்டுதோறும் கடன் பற்றிய உறுதிமொழி என்று தொடரும். ஊரில் பெண் பார்ப்பதாக இருந்தால், நிச்சயம் செய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், பேச்சு தொடங்கும்போதே மேலதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது. மறுபடியும் அதே பக்கம் கைக்கு வரும். பெண்ணின் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று தஞ்சாவூரில் சம்பந்தி வீட்டாரிடம் கேட்க வேண்டியிருக்கும்.