விசேஷம் ஏதாவது உண்டா?

ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையில் ஊசிகூடப் பழகிவிடுகிறது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேற்று இடப்பக்கம் என்றால் இன்று வலப்பக்கம். கரு வைத்த பிறகு, கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனான ஹெச்சிஜியைப் பார்க்கும் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனைவரை வரும் ஏறக்குறைய 2 வாரம்தான் ஆளைத் தின்கிறது. மார்பு வலி, வயிறு உப்புசம், அசதி எல்லாம் கரு தங்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரான் மருந்தாலும் வரும், கர்ப்பத்தாலும் வரும். அப்புறம் உடம்பைக் கேட்டு என்ன பயன்? வீட்டில் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்டு போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். முட்டை எடுக்குமுன் போட்ட ஊசியும் ஹெச்சிஜிதான். அவசரப்பட்டால் அதுவே இரண்டு கோடு காட்டிவிடும்.

சித்தி போன் வந்தால் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். பாவம், நன்றாகச் சமாளிக்கிறார்! வளைகாப்புக்கெல்லாம் இப்போதைக்கு நான் வரமாட்டேன். மொய் ஜிபேயில் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.